அக்டோபரில் போகாதீர்கள்: மதுரையிலிருந்து இலை பார்க்கும் மலைகள்

ஐப்பசி பிறந்ததும் கைப்பேசியில் சிவப்புப் படங்கள் வரத் தொடங்கிவிடும். ஜப்பானில் மேப்பிள், காஷ்மீரில் சினார். அதைப் பார்த்துவிட்டு "நம்ம கொடைக்கானலும் குளிர் ஊர்தானே" என்று மதுரையிலிருந்து வண்டியைக் கிளப்புகிறவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். மேலே போனால் மழை, மஞ்சு, எங்கும் பச்சை. மதுரைக்கு ஆண்டிலேயே அதிக மழை தரும் மாதம் அக்டோபர். அந்த மாதத்தில் இங்கே மரங்கள் பொதுவாக இலையை உதிர்ப்பதில்லை. குடிக்கத் தண்ணீர் தாராளமாக இருக்கும்போது எதற்காக உதிர்க்க வேண்டும்?

தமிழில் ஆண்டுக்கு ஆறு பருவம்: கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். இலையுதிர்காலம் என்று ஒன்று இந்த வரிசையில் கிடையாது. அது நமக்குப் பாடப்புத்தகம் கொடுத்த சொல். மாசியும் பங்குனியும் சேர்ந்த பின்பனியில்தான் இங்கே இலை கொட்டுகிறது. ஆனால் இலையின் வயதுக்கு நம்மிடம் வரிசையாகப் பெயர் உண்டு. கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு. பழுப்பு என்றால் பழுத்த இலை. குளிர்நாடுகளில் கூட்டம் கூடுவது இந்தப் பழுப்பைப் பார்க்க. மதுரை வட்டாரத்தில் பழுப்பு சுமாராகத்தான் இருக்கும். நிறமெல்லாம் கொழுந்திலும் தளிரிலும் இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இல்லை.

காரணத்தையும் சொல்லிவிடலாம், நாள் குறிக்க அது உதவும். குளிர்நாட்டு மரத்துக்குப் பகல் குறைவதும் இரவு குளிர்வதும் சமிக்ஞை. இலை பச்சையம் செய்வதை நிறுத்துகிறது. உள்ளே ஏற்கெனவே இருந்த மஞ்சள் நிறமி வெளியே தெரிகிறது. சிவப்பு மட்டும் கடைசி நாட்களில் புதிதாகத் தயாராவது. அந்த நிறமியின் பெயர் ஆந்தோசயனின். நம் பக்கத்து மரத்துக்குக் குளிர் ஒரு பொருட்டே இல்லை. வடகிழக்குப் பருவமழை டிசம்பரோடு முடிகிறது, தையில் மண் காயத் தொடங்குகிறது, இலை வழியே போகிற தண்ணீரை நிறுத்த மரம் இலையைக் கழற்றுகிறது. பிறகு, மழை வருவதற்கு முன்பே, ஆழத்து வேரிலும் தண்டிலும் இருக்கும் ஈரத்தை வைத்துப் புதுத்தளிர் விடுகிறது. அந்தத் தளிரில் பச்சையம் தாமதமாகத்தான் ஏறும். அதுவரை வெயிலுக்குக் குடையாக இருப்பது அதே ஆந்தோசயனின். கியோட்டோவில் நவம்பர் கடைசியில் உதிரப்போகும் இலையில் இருக்கும் சிவப்பு, அழகர்மலையில் மாசியில் பிறந்த இலையில் இருக்கிறது. சங்கப் பாட்டில் பெண்ணின் நிறத்துக்குச் சொல்லும் 'மாமை' இந்த மாந்தளிர் நிறம்தான் என்பார்கள். கடைகளில் மாந்தளிர் நிறப் பட்டு கேட்டு வாங்குகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஒரு மரத்தில் தளிர் நிறமாக நிற்பது ஒரு வாரம், மிஞ்சிப்போனால் இரண்டு வாரம். நல்ல மழை பெய்த ஆண்டில் உதிர்வு தள்ளிப்போகும். பருவமழை பொய்த்த ஆண்டில் தைப்பூசத்துக்கே மலை மொட்டையாகிவிடும். ஜப்பானில் போல எந்த ஊர் எந்தத் தேதியில் சிவக்கும் என்று முன்னறிவிப்பு இங்கே யாரும் கொடுப்பதில்லை. அதற்கு உங்கள் தெரு வேப்பமரம் போதும். வேம்பு மஞ்சளாகிக் கொட்டத் தொடங்கினால் மலையில் பாதி மரம் மொட்டை என்று எடுத்துக்கொள்ளுங்கள். வேம்பில் செந்தவிட்டு நிறக் கொழுந்து தெரிந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கிளம்பலாம்.

ஊருக்குள்: செலவில்லாத ஒத்திகை

மலைக்குப் போவதற்கு முன் கண்ணைப் பழக்கிக்கொள்ள ஊரே போதும். பழுப்பில் சிவப்பு வேண்டும் என்பவர்களுக்கு மதுரையில் இருக்கும் ஒரே நம்பகமான மரம், தெருவிலும் பள்ளிக்கூட வாசலிலும் வைத்திருக்கும் பாதாம் மரம். கடையில் விற்கும் பாதாம் வேறு. இது நாட்டு வாதுமை. தட்டுத் தட்டாக அடுக்கிய கிளை, கையளவு இலை. உதிர்வதற்கு முன் மஞ்சள், ஆரஞ்சு, அரக்குச் சிவப்பு மூன்றும் ஒரே மரத்தில் நிற்கும். மேப்பிளுக்குக் கிட்டத்தட்ட ஈடு. சில மரங்கள் ஆண்டுக்கு இரண்டு முறைகூட உதிர்க்கும். பெருக்குகிறவர்கள் திட்டுவார்கள் என்பது மட்டும்தான் குறை.

அடுத்தது அரசமரம். பிள்ளையார் மேடை இருக்கும் இடத்திலெல்லாம் இருக்கிறது. மாசியில் நான்கைந்து நாளில் மொத்தமாகக் கொட்டிவிட்டு, செம்புத் தகடு மாதிரி தளிர் விடும். காலை எட்டு மணிக்கு முன் மரத்துக்கு மேற்கே நின்று கிழக்குப் பார்த்து அண்ணாந்து பாருங்கள். வெயில் இலையின் பின்னாலிருந்து வர வேண்டும். வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு பார்த்தால் அதே தளிர் வெறும் காக்கி நிறம். மலைக்குப் போனாலும் இந்த விதிதான், அங்கே போய் மறந்துவிடுகிறார்கள்.

தூங்குமூஞ்சி மரங்களும் மாசியில் உதிர்க்கும். அதில் நிறம் எதுவும் இல்லை, சிறு இலை பொடியாகக் கொட்டி ஓடையை அடைக்கும், அவ்வளவுதான். நாகமலை, சமணர் மலை இரண்டும் பாறைக்கும் வரலாற்றுக்கும் போக வேண்டிய இடங்கள். அரிட்டாபட்டியும் அப்படியே: 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர், வல்லூறு பார்க்கிறவர்களுக்குச் சொர்க்கம். இலைக்கு என்று போனால் கைவிரிக்கும்.

அழகர்மலை: அரை நாளுக்கு இதற்கு மேல் கேட்க முடியாது

மதுரையிலிருந்து 21 கி.மீ. பெரியார் நிலையத்திலிருந்தும் மாட்டுத்தாவணியிலிருந்தும் டவுன் பஸ் அடிக்கடி உண்டு. சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமே கிடையாது. அதிகாலைப் பேருந்தைப் பிடித்தால் ஏழு மணிக்குள் கள்ளழகர் கோயில் வாசலில் இறங்கலாம். அதற்கு மேல் தாமதிப்பது வீண். பங்குனி வெயிலில் ஒன்பதரைக்குப் பிறகு தளிரெல்லாம் தொங்கிப்போய் நிறமும் வெளிறித் தெரியும்.

பார்க்க வேண்டியது கோயிலிலிருந்து பழமுதிர்சோலை வழியாக நூபுரகங்கைக்கு ஏறும் மலைப்பாதையை. சோலைமலை முருகன் கோயில் வரை சுமார் 3 கி.மீ. வேனில் ஏறினால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், ஒன்றும் பார்த்திருக்க மாட்டீர்கள். ஏறுவதற்கு வேன், இறங்குவதற்குக் கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். தார்ச்சாலை, சரிவு மிதம், ஒரு மணி நேரம் போதும். பெரியவர்களும் இறங்கலாம், ஆனால் முட்டிவலிக்காரர்களுக்கு இறக்கம் ஏற்றத்தைவிட மோசம்.

முருகன் கோயிலை ஒட்டி, ஓடை ஈரம் உள்ள இடங்களில், மரங்கள் பெரும்பாலும் பச்சை. சோலை என்ற பெயர் அதனால் வந்தது. கொஞ்சம் இறங்கினால் உலர்காடு தொடங்குகிறது, நிறம் அங்கேதான். இலுப்பை இருந்தால் தூரத்திலிருந்தே தெரியும்: கிளை நுனியில் மட்டும் கொத்துக் கொத்தாகச் செம்புத் தளிர், நடுவில் மொட்டைக் கொம்பு. ஒதியன் சாம்பல் நிறத்தில் முழு மொட்டையாக நிற்கும். அதைப் பட்ட மரம் என்று நினைத்துவிடாதீர்கள். பாறைச்சரிவில் இலையே இல்லாமல் பெரிய மஞ்சள் பூவை மட்டும் வைத்துக்கொண்டிருப்பது கோங்கு. இலையில்லாத கொம்பில் தீ பற்றியது போல ஆரஞ்சுப் பூ என்றால் புரசு. இந்த இரண்டும் இலைக் கணக்கில் வராது என்று சொல்லிக் கழிக்க மனம் வரவில்லை.

குறைகள். முதலாவது, குரங்கு. கையில் பை, தேங்காய்மூடி, தண்ணீர்ப் புட்டி எதுவும் தெரியக் கூடாது. பாலித்தீன் சத்தம் கேட்டாலே இறங்கிவரும். கைப்பேசியைக் கயிற்றில் மாட்டிக் கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது, கூட்டம். செவ்வாய், வெள்ளி, கார்த்திகை நட்சத்திர நாட்களில் பாதை முழுக்க வண்டிச் சத்தம். பங்குனி உத்திரத்தன்று நினைக்கவே வேண்டாம். புதன், வியாழன் காலை நல்லது. மூன்றாவது, பாதையை விட்டு உள்ளே இறங்குவது. காப்புக்காடு அது, அனுமதியில்லை.

இறங்கிவந்த பசிக்குப் பிரசாதக் கடையில் அழகர்கோயில் தோசை. கறுப்பு உளுந்தைத் தோலோடு அரைத்து, சுக்கும் மிளகும் சேர்த்து நெய்யில் சுட்டது. தடிமனாக, ஒரு விள்ளலுக்கே வயிறு நிறையும். தோசைக்குத் தனி மதிப்பெண் கொடுக்க முடிந்தால் கொடுக்கலாம். பாதைக்குப் பத்துக்கு ஏழு.

மலையின் நத்தம் பக்க அடிவாரத்தில் காசம்பட்டி வீரகோவில் காடு இருக்கிறது. 2025-இல் மாநிலத்தின் இரண்டாவது பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். பரப்பு 5 ஹெக்டேருக்குச் சற்றுக் குறைவு. சிறிய இடம், அரை மணியில் சுற்றிவிடலாம். ஆனால் அது கோயில்காடு, சுற்றுலாப் பூங்கா கிடையாது. ஒரு தளிரைக் கிள்ளி வைத்துப் படம் எடுக்கும் பழக்கத்தை ஊர் எல்லையிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

சிறுமலை: முதலிடம், ஆனால் உச்சிக்கு இல்லை

ஒரு நாள் ஒதுக்க முடிகிறவர்கள் சிறுமலைக்குப் போகலாம். மதுரையிலிருந்து திண்டுக்கல் 65 கி.மீ., அங்கிருந்து சிறுமலை 25 கி.மீ. பேருந்து என்றால் ஆரப்பாளையத்தில் ஏறித் திண்டுக்கல் காமராசர் பேருந்து நிலையத்தில் இறங்கி மலை பஸ் மாற வேண்டும். மலை பஸ் எண்ணிக்கையில் குறைவு. ஏறும்போதே நடத்துநரிடம் கடைசியாக இறங்கும் வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கச் சன்னல் நல்லது என்ற கேள்விக்கு இங்கே அர்த்தமில்லை. பதினெட்டு கொண்டை ஊசி வளைவு. இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை பள்ளம் பக்கம் மாறிக்கொண்டே இருக்கும்.

இரு சக்கர வண்டி இந்தப் பாதைக்குப் பொருத்தம். போக வர 180 கி.மீ., லிட்டருக்கு 45 கி.மீ. கொடுக்கும் வண்டிக்கு நான்கு லிட்டர். பெட்ரோலைத் திண்டுக்கல்லிலேயே போட்டுக்கொள்ளுங்கள். இறங்கும்போது இரண்டாவது கியரில் விட்டு என்ஜினையே பிரேக்காக வைத்துக்கொண்டு இறங்க வேண்டும். தொடர்ந்து பிரேக்கை மிதித்தால் சூடேறிப் பிடிமானம் குறையும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் வருகிறவர்கள் நான்கைந்து வளைவுக்கு ஒரு முறை நிறுத்தி ஆறவிட வேண்டும்.

இனி முக்கியமான விஷயம். சிறுமலைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் நிற்காமல் உச்சிக்குப் போய், ஏரியைப் பார்த்து, "இங்க என்ன இருக்கு" என்று கேட்டுவிட்டு இறங்குகிறார்கள். உச்சிச் சமவெளியில் இருப்பது தோட்டம்: காபி, மிளகு, எலுமிச்சை, மலைவாழை, பலா, நிழலுக்குச் சில்வர் ஓக். இவை ஆண்டு முழுவதும் பச்சை. நிறம் இருப்பது ஏறும் வழியில், காட்டில். மலையடியில் முள்காடு, உசிலையும் வேலமும். அதற்கு மேல், கீழ் வளைவுகளைத் தாண்டியதும், உலர் இலையுதிர் காடு தொடங்கி மேல் வளைவுகள் வரை வருகிறது. பார்க்க வேண்டிய இடம் இந்த நடுப்பட்டை. மேலே போகப் போக ஈரக்காடு, பிறகு தோட்டம்.

இந்த நடுப்பட்டையில் மாசிக் கடைசியிலிருந்து பங்குனி நடு வரை என்ன கிடைக்கும்? ஒரு வளைவில் நின்று எதிர்ச்சரிவைப் பார்த்தால் முதலில் எல்லாம் சாம்பல் நிறமாகத்தான் தெரியும். ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். சாம்பலுக்கு நடுவே செம்பு, செங்கல், இளமஞ்சள், கிளிப்பச்சை என்று திட்டுத் திட்டாகப் பிரியும். ஒவ்வொரு திட்டும் ஒரு மரம். ஒரே இனமே ஓடை பக்கம் பச்சையாகவும் பாறை மேல் மொட்டையாகவும் நிற்கும். மண்ணின் ஆழம் எவ்வளவு என்று இலையைப் பார்த்தே சொல்லிவிடலாம். காய்ந்து தொங்கும் பெரிய முறம் போன்ற இலை தேக்கு. முள்ளிலவு சிவப்புப் பூவோடு மொட்டையாக நிற்கும். காலையில் அதன் மேல் மைனாவும் கரிச்சானும் அணிலும் தேனுக்கு மொய்ப்பதைப் பார்க்கத் தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் எடுத்துவரலாம். எட்டுக்கு நாற்பது (8x40) என்று எழுதியது போதும்.

நிறுத்துவது எப்படி என்பதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். வளைவிலேயே நிறுத்தாதீர்கள். மேலேயிருந்து வாழைத்தார் ஏற்றிய வண்டி வரும். அதற்கு வளைவின் முழு அகலமும் வேண்டும். இரண்டு வளைவுக்கு நடுவே நேர்ப்பாதையில், மலைப்பக்க ஓரத்தில், சக்கரம் மண்ணில் இறங்கும்படி நிறுத்தி, கொஞ்சம் நடந்துபோய்ப் பாருங்கள். காரில் வருகிறவர்களுக்கு ஒரு நல்ல வழி: ஒருவர் மேலே ஓட்டிப்போய்க் காத்திருக்கட்டும், மற்றவர்கள் பாதுகாப்பான இடமாகப் பார்த்து இறங்கி இரண்டு மூன்று வளைவு நடந்து ஏறட்டும்.

நேரம்: திண்டுக்கல்லை ஆறு மணிக்குத் தாண்டினால் நடுப்பட்டையில் ஏழு மணி வெயில் கிடைக்கும். பத்து மணிக்கு மேல் வெப்ப மூட்டம் எழும், எதிர்ச்சரிவு பால் ஊற்றினது போல் ஆகிவிடும். பதினொன்று முதல் மூன்று வரை உச்சியில் நிழலில் கழித்துவிட்டு, நாலரைக்குமேல் இறங்கும்போது மறுபடியும் ஒரு முறை பார்க்கலாம். மாலை வெயில் வேறு சரிவில் விழும், காலையில் பார்த்த மரங்கள் இருட்டில் போய்விடும், பார்க்காதவை எரியும். ஒரே பாதைக்கு இரண்டு காட்சி.

கோடைமழை ஒன்று பெய்திருந்தால், அதிலிருந்து எட்டு பத்து நாள் கணக்கிட்டு உச்சித் தோட்டத்துக்கும் போகலாம். காபி பூத்திருக்கும். கொம்பு முழுக்க வெள்ளை, மல்லிகையை நினைவூட்டும் வாசம். இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். தோட்டத்துக்குள் போகச் சொந்தக்காரரைக் கேட்க வேண்டும். சாலையோரமாகவே நிறையத் தெரியும் என்பதால் கேட்காமலும் காரியம் நடக்கும்.

சாப்பாட்டில் சிறுமலை பலவீனம். டீக்கடை உண்டு, மதியச் சாப்பாட்டை நம்பி வராதீர்கள். திண்டுக்கல்லில் கட்டிக்கொண்டு போங்கள். திரும்பும்போது புவிசார் குறியீடு பெற்ற சிறுமலை வாழைப்பழம் வாங்காமல் வருவது குற்றம். தோல் கறுத்துச் சுருங்கும்போதுதான் ருசி ஏறும். மஞ்சளாகப் பளபளவென்று இருப்பதைத் தேடி வாங்குகிறவர்களுக்கு ஏமாற்றம். பத்துக்கு எட்டரை. அந்த ஒன்றரை போனது பேருந்துக்கும் சாப்பாட்டுக்கும்.

கொடைக்கானல்: பேர் பெரிது

சுமார் 120 கி.மீ., ஆரப்பாளையத்திலிருந்து நேர்ப் பேருந்து. சொந்த வண்டி, வாடகை வண்டிக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் கட்டாயம். இணையத்தில் இலவசமாக எடுக்கலாம். அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்குத் தேவையில்லை. ஞெகிழித் தண்ணீர்ப் புட்டிக்குத் தடை, எவர்சில்வர் கூஜா எடுத்துப்போங்கள்.

இலைக்கு என்று கொடைக்கானல் போகிறவர் முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ஊரைச் சுற்றிக் கண்ணில் படும் காட்டில் பெரும்பகுதி வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட பைன், தைலமரம், வாட்டில். மூன்றும் பசுமைமாறா மரங்கள். பைன் காட்டில் நின்று இலையுதிர்காலம் தேடுவது ஆற்றில் போட்டுவிட்டுக் குளத்தில் தேடுவது. பிரையண்ட் பூங்கா 1908-இல் தொடங்கியது, பூவுக்குப் பெயர் போனது, இலைக்கு அல்ல.

அப்படியானால் எதற்குப் போகலாம்? இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, பேரியும் பிளம்ஸும். இவை குளிர்நாட்டு மரங்கள், பழைய வழக்கத்தை மறக்கவில்லை. கார்த்திகை, மார்கழியில் வீட்டுத் தோட்டங்களில் பேரி இலை மஞ்சளும் செம்பழுப்புமாக மாறி உதிரும். பிறகு தளிருக்கு முன்பே வெள்ளைப் பூ வரும். குளிர்நாட்டு மரத்தின் பழுப்பைப் பார்க்க மதுரைக்கு அருகில் இதுதான் வாய்ப்பு. ஆனால் தோட்டம் தோட்டமாகச் சிதறிக் கிடக்கிறது, காஷ்மீர் நசீம் பாக் போல ஒரே இடத்தில் சினார் வரிசை கட்டி நிற்கும் காட்சியை எதிர்பார்த்தால் மனம் உடையும்.

இரண்டாவது, சோலைக்காடு. பள்ளத்தாக்கு மடிப்புகளில் மிச்சமிருக்கும் பழைய காடு இது. வட்டக்கானல் பக்கம் பாம்பார் சோலை, பேரிஜம் போகும் வழியில் மதிகெட்டான் சோலை. சோலை மரங்கள் மொத்தமாக மொட்டையாவதில்லை, ஆனால் மாசி, பங்குனியில் கொழுந்து விடும்போது மேற்பரப்பு காலிபிளவர் பூக்களைப் பல சாயத்தில் முக்கி அடுக்கியது போல் இருக்கும். நாவல் இனங்களின் தளிர் கருஞ்சிவப்பு, காட்டு இலவங்கம் இளஞ்சிவப்பு. உள்ளே நுழைந்தால் எதுவும் தெரியாது, இருட்டு. எதிர் மேட்டிலிருந்து பார்க்க வேண்டும். பேரிஜம் போக வனத்துறை அனுமதிச் சீட்டு தேவை, நாளுக்கு இத்தனை வண்டி என்று கணக்கு உண்டு, காலையிலேயே போய் நிற்க வேண்டும்.

இவற்றைவிட நல்ல காட்சியை எல்லோரும் தூங்கிக்கொண்டே கடக்கிறார்கள். வத்தலக்குண்டு தாண்டி, காட்ரோட்டிலிருந்து டம்டம் பாறை வரை ஏறும் கீழ் மலைப்பாதையின் இரு பக்கமும் உலர்காடு. மாசியில் இலவு, தேக்கு, கீழே மஞ்சளாறு அணை. டம்டம் பாறைக் காட்சிமுனையில் இறங்கினால் எதிரே தலையாறு அருவி, எலிவால் என்பார்கள். அந்த மாதத்தில் அருவி நூலாக இருக்கும், காடு நிறமாக இருக்கும். அருவி பெருகும் மாதத்தில் காடு பச்சை. இரண்டும் ஒரே நாளில் வேண்டும் என்று கேட்கக் கூடாது. ஊருக்கு ஐந்து, இந்தக் கீழ்ப்பாதைக்கு ஏழரை.

மேகமலை பற்றிச் சுருக்கமாக. சின்னமனூரிலிருந்து ஏறும் பாதை அருமை, 2021-லிருந்து புலிகள் காப்பகத்தின் பகுதி, மாலையில் சோதனைச்சாவடி மூடிவிடும். தளிர் நிறம் அடர்த்தியாக இருக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் மதுரையிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பினால் வண்டியில் உட்கார்ந்திருப்பதுதான் மிச்சம். தங்குவதற்கு முன்பதிவு கிடைத்தால் மட்டும்.

தவறுவது எங்கே

இலை உதிரும் மாதங்களும் காட்டுத்தீ மாதங்களும் ஒன்றுதான். 2018 மார்ச் 11 அன்று போடி அருகே குரங்கணி மலையில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சருகு மூடிய சரிவில் தீ மேல்நோக்கி மனிதன் ஓடுவதைவிட வேகமாக ஏறும். அதனால் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை வனத்துறை மலையேற்றப் பாதைகளைப் பொதுவாக மூடிவைக்கிறது. நிறம் நன்றாக இருக்கும் அதே மாதங்கள்! குறுக்குவழியில் கூட்டிப்போகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிடுங்கள். மேலே சொன்ன இடங்களையெல்லாம் தார்ச்சாலையில் நின்றே பார்க்கலாம், அதற்காகத்தான் அவற்றைத் தேர்ந்தெடுத்தது. அடிவாரத்தில் புகை தெரிந்தால் ஏறாதீர்கள். மேலே இருக்கும்போது தெரிந்தால் சாலையை விட்டு விலகாமல் இறங்குங்கள்.

சருகுக் குவியலில் உட்கார்ந்து, பிள்ளைகளை உருளவிட்டுப் படம் எடுப்பது குளிர்நாட்டுப் பழக்கம். இங்கே அதற்குள் உண்ணி இருக்கும், விரியன் இருக்கும். ஒட்டுண்ணி கடித்து வரும் காய்ச்சல் நம் மாவட்டங்களில் உண்டு. முழுக்கால் சட்டை, மூடிய செருப்பு, வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் குளியல், துணியை வெந்நீரில் அலசல். கடிவாய் கறுப்புப் பொருக்காக இருந்து, ஒன்றிரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், மலைக்குப் போனதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

படம் எடுப்பவர்களுக்கு: கைப்பேசி கேமரா மொட்டை மரத்தையும் பளிச் வானத்தையும் சேர்த்துப் பார்த்துக் குழம்பும். தளிரின் மேல் விரலால் தொட்டு, வெளிச்ச அளவை ஒரு படி குறைத்து எடுங்கள். நிறத்தைக் கூட்டிக் காட்டும் அமைப்பை அணைத்துவிடுங்கள். செம்பு நிறத்தைத் தக்காளிச் சிவப்பாக்கி, பார்க்கிறவர்களை அடுத்த ஆண்டு ஏமாற வைக்கும். அரசு, இலுப்பைத் தளிர் பளபளப்பானது. எதிர்வெயிலில் எடுத்தால் நரம்பு தெரியும், நேர்வெயிலில் எடுத்தால் வெள்ளைத் திட்டு விழும்.

பங்குனியில் எல்லாவற்றையும் தவறவிட்டவர்களுக்கு நத்தம் சாலையோ மேலூர் சாலையோ போதும். பங்குனிக் கடைசியில் புங்கமரம் தளிர்க்கும். சிவப்பு கிடையாது, வெண்ணெயில் பச்சை கரைத்தது போன்ற ஒரு நிறம், கீழே நின்றால் வேட்டியே பச்சையாகத் தெரியும். அதுவும் பத்து நாள்தான். அதற்குள் வேம்பு பூத்துவிடும், சித்திரை முதல் நாள் பச்சடிக்கு அதைப் பறிக்கக் கொக்கி தேட வேண்டியிருக்கும்.